காயலான் கடைக் கோழிக்கூடு: கோளாறும் கைவைத்தியமும்

பழைய வீட்டை இடித்தபோது இரண்டு மரக்கதவு, ஒரு ஜன்னல் கிரில், ஆறு ஜிங்க் ஷீட், தாத்தா படுத்திருந்த இரும்புக் கட்டில் எல்லாம் மிஞ்சின. காயலான் கடையில் எடைக்குக் கொஞ்சம் ஆங்கிள் வாங்கி, இவற்றோடு சேர்த்து நாலுக்கு ஆறடியில் ஒரு கோழிக்கூடு கட்டினேன். பகலில் மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடையும் நாட்டுக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுரடி போதும் என்பது கணக்கு. அதனால் என்னுடைய பத்துச் சிறுவிடைக் கோழிகளுக்கு (சின்ன உடம்புள்ள நாட்டு ரகம்) அந்த இடம் தாராளம். கட்டி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. அதை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆனது.

பழைய சாமானில் ஒரு சங்கடம் உண்டு. அது தன் பழைய ஓட்டை, பழைய விரிசல், பழைய பெயின்ட் எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். கோழிக்கு ஏதாவது ஆனால் நாம் கோழியைத் தூக்கிப் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது கூட்டைத்தான்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உச்சிவெயில் நேரத்தில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, நீங்கள் உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே தெரிந்தால் அது ஓட்டை. தலைக்கு மேலே தெரிந்தால் அது காற்று வழி. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டதில்தான் எனக்குப் பாதித் தொல்லை வந்தது.

காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு கோழி குறைகிறது

எந்த நேரத்தில், எப்படிப் போனது என்று பாருங்கள். ஆள் யாரென்று ஓரளவு தெரிந்துவிடும்.

பகலில் நடந்திருந்தால், கழுத்தில் கடிபட்டு ஒன்றுக்கு மேல் செத்துக் கிடந்தால், கீரிப்பிள்ளை. எடுத்துக்கொண்டு போக முடியாவிட்டாலும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். ராத்திரியில் ஒரே ஒரு கோழி காணாமல் போய், சுவரோரம் இறகு சிந்திக் கிடந்தால் மரநாய் அல்லது வெருகு என்ற காட்டுப்பூனை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே மரநாய் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள், அது நன்றாக ஏறும். தலையோ காலோ மட்டும் இல்லாமல் உடம்பு உள்ளேயே கிடந்தால், வலையை ஒட்டித் தூங்கிய கோழியை ஏதோ ஒன்று வெளியே இருந்தபடியே இழுத்திருக்கிறது. குஞ்சு மட்டும் குறைந்து தரையில் புது மண் தள்ளியிருந்தால் பெருச்சாளி. முட்டை ஓட்டுத் துண்டுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பை நினைக்கலாம். ஆனால் அதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் செய்த முதல் தப்பு வலையில். கடையில் கோழி வலை என்று கொடுக்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருந்து வருவதைத் தடுக்கச் செய்ததல்ல. தெருநாய் ஒன்று மனசு வைத்துப் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். கீழே இரண்டடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த சதுரக் கண் வலை) போடுங்கள். இது ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகளைப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும், நானும் ஆசையோடு வைத்துக் கட்டினேன். அந்த இடைவெளியில் எலி நின்று நிதானமாகப் போகிறது. பழைய நைலான் மீன்வலையும் வேண்டாம். அதில் பாம்பு சிக்கிக்கொண்டால் அதற்கும் ஆபத்து, எடுத்துவிடப் போகிற உங்களுக்கும் ஆபத்து. உள்ளே பாம்பைக் கண்டால் கம்பைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மெஷ்ஷை ஆணியடித்து நிறுத்தக்கூடாது. பழைய மரத்தில் ஆணி பிடிக்காது, ஒரு தள்ளுக்குக் கழன்று வரும். வாஷர் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள், அல்லது மேலே ஒரு ரீப்பர் கட்டையை வைத்து அழுத்தி முடுக்குங்கள்.

அடுத்தது தோண்டி வருகிறவை. சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி மெஷ்ஷைப் புதைக்கலாம். எங்கள் பக்கத்துச் சரளை மண்ணில் அரையடி தோண்டுவதற்குள் கடப்பாரை பேசத் தொடங்கிவிட்டது. அதனால் வேறு வழி செய்தேன். சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு தரையாக விரித்து, மேலே உடைந்த டைல்ஸ் துண்டுகளை அடுக்கிவிட்டேன். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். காலடியில் கம்பி தட்டுப்பட்டதும் பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. இரண்டு வருஷமாகத் தோன்றவில்லை.

கடைசியில் கதவு. பழைய கதவு வெயிலில் முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தாழ்ப்பாள் போட்டால் கீழ் மூலை இரண்டு விரல் அகலத்துக்கு வாயைப் பிளக்கும். கீரிக்கு அதற்கு மேல் அதிகம் வேண்டியதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

திறந்ததும் குப்பென்று நெடி, கண் எரிகிறது

கீரி வந்துபோன பிறகு பயத்தில் நான் செய்த காரியத்தின் பலன் இது. தேர்தல் சமயத்து ஃப்ளெக்ஸ் பேனர்கள் நாலு கிடைத்தன. கூட்டைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை அவற்றால் போர்த்தி ஆணியடித்தேன். ஒரு எறும்பு நுழையாது என்று பெருமை வேறு. பத்தே நாளில் இரண்டு கோழிக்குக் கண்ணில் நுரை கட்டியது, ஒன்று தும்மத் தொடங்கியது. சளி என்று நினைத்துத் துளசிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அது சளியல்ல, அமோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அது கிளம்பும். காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டினாலே கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் கெடுதல். நாம் நின்றபடி மோந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. கோழியின் மூக்கு தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கிறது, நம்முடையது ஐந்தடியில். விடியற்காலையில் கதவைத் திறந்த உடனே குந்தி உட்கார்ந்து மோந்து பாருங்கள். அரை நிமிஷம் போனால் மூக்கு பழகிவிடும்.

செய்ய வேண்டியது இரண்டு. கூரைக்குக் கீழே, எதிரெதிர் பக்கச் சுவர்களில், ஒரு சாண் உயரத்துக்கு நீளவாக்கில் திறந்துவிடுங்கள். அங்கும் வெல்ட் மெஷ்தான் போட வேண்டும். சூடான காற்றும் நெடியும் மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பாதிப் பலன்தான், காற்றுக்கு வரவும் ஒரு வாசல் வேண்டும். என் கூட்டில் ஜன்னல் கிரில்லைக் கீழே பதித்து வீணடித்திருந்தேன். அதைப் பிடுங்கி மேலே வைத்து, பின்னால் மெஷ் கட்டினேன். அந்தக் கிரில்லுக்கு அதுதான் சரியான இடம்.

இரண்டாவது தரை. நெல் உமி மூன்று அங்குலக் கனத்துக்கு இருக்க வேண்டும். மரத்தூளோ கடலைத்தோலோ கிடைத்தாலும் சரி. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடியே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் நல்லது. பெரும்பாலும் ஈரம் எச்சத்தால் வருவதில்லை, தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் வருகிறது. சட்டியை ஒரு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

ஈர உமியின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவச் சொல்லுவார்கள். நெடி கிளம்பிய பிறகு அப்படித் தூவினால் அமோனியா இன்னும் வேகமாகத்தான் கிளம்பும், நான் அனுபவப்பட்டுவிட்டேன். முதலில் ஈர உமியை வாரி எருக்குழியில் போடுங்கள். வெறும் தரையில் நீர்த்த சுண்ணாம்பைத் தூவிக் காயவிட்டு, அப்புறம் புது உமி போடுங்கள்.

பொழுது சாய்ந்தும் உள்ளே போக மாட்டேன் என்கின்றன

நேற்று வரை தானாக வந்து அடைந்த கோழிகள் இன்று முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டால், அடித்து விரட்டி உள்ளே தள்ளுகிற வேலை வேண்டாம். நான் ஒரு வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் சொன்னார்: “கோழிக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உள்ள என்னமோ கடிக்குதுடா.”

அப்பத்தா சொன்னது சரி. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை, முக்கியமாகக் கம்பு சுவரைத் தொடும் இடத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் செள்ளு என்ற பொடிப்பூச்சி. பலகைச் சந்தில் மூட்டைப்பூச்சியைவிடப் பெரிதாக, தட்டையாக ஏதாவது ஒளிந்திருந்தால் கோழி உண்ணி. இரண்டும் பகலில் கூட்டின் மரச்சந்துகளில் இருந்துவிட்டு ராத்திரி கோழியின் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறவை. அதனால் பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. கொண்டை வெளுத்துப்போயிருப்பது மட்டும் தெரியும்.

பழைய மரம் இவற்றுக்கு மாளிகை. கதவுச் சட்டங்கள் சேரும் இணைப்பு, பழைய கீல் இருந்த குழி, ஆணி பிடுங்கிய துளை எல்லாம் வீடுதான். கொதிக்கும் தண்ணீரை அந்தச் சந்துகளில் ஊற்றுங்கள். காய்ந்ததும் எல்லா விரிசலையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, மேலே இரண்டு கோட் வெள்ளையடியுங்கள். கம்புகளைக் கழற்றி நாள் முழுக்க வெயிலில் போடுங்கள். ஒரு தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து பொரிந்து வருவது மறுபடி பெருகும். வாரம் ஒரு முறை என்று மூன்று முறை செய்யுங்கள். கூட்டைக் கொஞ்ச நாள் சும்மா போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

கோழிகள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ள, பழைய டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு உள்ளே காய்ந்த செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் நிரப்பி வையுங்கள். அதில் புரண்டு அவை குளிக்கும் அழகுக்கே வைக்கலாம்.

செள்ளு இல்லை என்றால் வேறு சில காரணங்கள் உண்டு. உள்ளே ஒரேயடியாக இருட்டாக இருக்கலாம். கம்பு முட்டைப் பெட்டியைவிடத் தாழ்வாக இருக்கலாம். முந்தைய ராத்திரி ஏதோ ஒன்று வந்து பயமுறுத்தியிருக்கலாம்.

மத்தியானம் வாயைத் திறந்து இரைக்கின்றன, இறக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன

கோழிக்கு வேர்க்காது. அதன் உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. வெளிச்சூடு அதை நெருங்கும்போது வாயால் இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கத்திரி வெயிலில் நாலடி உயரத்தில் ஜிங்க் ஷீட் போட்டால் அது கூரை இல்லை, தோசைக்கல்.

ஷீட்டை எடுத்துவிட வேண்டியதில்லை. மேலே மூங்கில் கழிகளை வைத்து, கையளவு இடைவெளி விட்டு, தென்னங்கீற்று வேயுங்கள். இடைவெளி விடாமல் கீற்றை ஷீட்டோடு ஒட்டிப் போட்டால் மழைக்கு ஷீட் துருப்பிடிப்பதோடு சரி. கீற்று கிடைக்காவிட்டால் ஷீட்டின் மேற்புறம் வெள்ளையடியுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குட்டைச் சுவரில் மட்டும் விழும். நான் தெற்கு வடக்காகக் கட்டிவிட்டு, இப்போது மேற்குப் பக்கம் பாகற்கொடி ஏற்றிவிட்டிருக்கிறேன்.

தண்ணீரை மண்சட்டியில், நிழலில், இரண்டு இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் வாளியில் வைத்தால் மத்தியானத்துக்குள் வெந்நீர் ஆகிவிடும். ஒரு கோழி துவண்டு விழுந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களைத் தண்ணீரில் நனைத்து நிற்க வையுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறும்.

கூரை ஒழுகுகிறது

பழைய ஷீட்டை வாங்கியதும் துரு குறைவான பக்கம் மேலே இருக்கட்டும் என்று புரட்டிப் போடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. முன்பு மேட்டில் அடித்திருந்த ஆணித் துளைகள் எல்லாம் புரட்டியதும் பள்ளத்துக்கு வந்துவிட்டன. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். முதல் மழையில் கூட்டுக்குள் ஷவர் போட்ட மாதிரி இருந்தது. ஆணியோ ஜே போல்ட்டோ எப்போதும் மேட்டில்தான் இறங்க வேண்டும், கீழே வாஷர் இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை வளைவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். நாலடி அகலத்துக்கு எட்டு அங்குலமாவது சரிவு வேண்டும்.

மேலே ஓட்டை இல்லாமலே உள்ளே நனைகிறது என்றால் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கங்களில் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டுங்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்கு இங்கேதான் வேலை. ஆணியடிக்காமல், கீழே ஒரு பைப்பைக் கட்டிச் சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி தொங்கவிடுங்கள். மழை நின்றதும் சுருட்டிவிட வேண்டும், மறந்தால் மறுபடி கண் எரிச்சல்தான்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடைத்தால், முழுசாக இருந்தால் அப்படியே போடலாம். அறுக்கவோ துளையிடவோ கூடாது, அதன் தூசு நுரையீரலுக்கு எமன். உடைந்த துண்டு சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு கோழி நொண்டுகிறது

காலைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்கள். வீங்கி நடுவில் கறுப்பாகப் பொருக்கு இருந்தால், கூரான எதிலோ குதித்திருக்கிறது, அல்லது உட்காரும் கம்பு சரியில்லை. என் கூட்டில் குற்றவாளி தாத்தாவின் கட்டில்தான். அதன் ஓரங்குலக் குழாயில் கோழிகள் ராத்திரி முழுக்க வழுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு அங்குல ரீப்பரை மேலே கட்டி, ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கிவிட்டேன். கோழிக்கு எட்டங்குல இடம், தரையிலிருந்து இரண்டடி உயரம் போதும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளையும் மடக்கிவிடுங்கள்.

முட்டை உடைந்திருக்கிறது, அல்லது முட்டையே இல்லை

கோழிக்கு ஒதுக்கமும் இருட்டும் வேண்டும். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, வெட்டிய விளிம்பை உள்ளே மடக்கித் தட்டி, பாதி வாய்க்குச் சாக்குத் துணி தொங்கவிட்டால் சிறுவிடைக்கு அருமையான பெட்டி. பெருவிடைக்கு அது காணாது, ஓரடிக்கு ஓரடி பெட்டி அடியுங்கள். நாலு கோழிக்கு ஒன்று போதும், எப்படியும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும்.

உடைந்த முட்டையை ஒன்று ருசி பார்த்துவிட்டால் கொத்திக் குடிக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். வைக்கோலைக் கனமாகப் போடுங்கள், கிளிஞ்சல் தூள் வையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை முட்டையை எடுங்கள். வேறு எங்கோ இடுகிறது என்று சந்தேகமா? பெட்டியில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை வைத்துப் பாருங்கள், முட்டை என்று நம்பி அங்கேயே வந்து உட்காரும்.

கூடு ஆடுகிறது, கதவு தரையில் இழுக்கிறது

மரக்கால் நேராக மண்ணில் இறங்கியிருந்தால் கரையான். அந்தப் பகுதியை அறுத்துவிட்டு, காலைக் கல்லின் மேல் நிறுத்துங்கள். சென்ட்ரிங் பலகை ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரியும், அதைக் கீழ்ச்சுவருக்குப் போடாதீர்கள். இழுக்கும் கதவுக்குக் கீழ்க்கீல் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் நிமிர்ந்துவிடும்.

கோழி இளைக்கிறது, சோர்ந்து நிற்கிறது, பச்சையாகக் கழிகிறது

இதில் கூட்டின் பங்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கூட்டின் பங்கு என்றால் பெயின்ட்டும் உலோகத் துணுக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவு அதற்கு முந்தியது என்றால் உரிந்து விழும் பெயின்ட்டை நம்பக்கூடாது. கோழி அதைக் கொத்தித் தின்னும், ஈயம் முட்டை வழியாக நம் தட்டுக்கும் வரும். காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்துத் தூசு கிளப்புவது அதைவிட மோசம். அந்தக் கதவைக் கோழிக்கு எட்டாத வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். தார் வாடை அடிக்கும் கறுத்த ரயில்வே கட்டையும் வேண்டாம். பேலட் மரம் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) என்றால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயுவைச் செலுத்தியது, வேண்டாம்.

கட்டுக்கம்பித் துண்டு, ஆணி, ஜிங்க் சிம்பு எல்லாம் கோழி கண்ணுக்குப் பளபளக்கும் தானியம். வேலை முடிந்த அன்றே பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள். நான் பெருக்கி முடித்த இடத்திலேயே ஒரு தேநீர் கிளாஸ் நிறைய வந்தது.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் கூட்டைக் குடைந்துகொண்டிருக்காதீர்கள். அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1927-ல் ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் அந்த ஊர்ப் பெயரிலேயே சொல்லப்படும் நோய் அது. வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசிதான். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை இலவசமாக முகாம் போடுவது வழக்கம், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். காரணமே தெரியாமல் கொத்தாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் முதலில் அங்கே தகவல் சொல்லுங்கள். செத்ததை அவர்கள் சொல்கிறபடி ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். உமி முழுவதையும் வாரிவிட்டு, வெள்ளையடித்து, கதவைத் திறந்து போட்டு ஒரு மாதமாவது கூட்டைக் காலியாக வெயில் குடிக்கவிடுங்கள். புதுக் குஞ்சு வாங்குவது அதற்கு அப்புறம்.